தனிப் பத்தி

அன்றைக்குச் சாயங்காலமும் அவர் வந்ததும் வராததுமாக முதலில் துடைத்தது சைக்கிளைத்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, செருப்பைக்கூடக் கழற்றாமல், கொடியில் கிடந்த என் பழைய பாவாடைத் துணியை இழுத்து ரிம்மைத் துடைத்தார், மட்கார்டைத் துடைத்தார், ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினார். பிறகு தேங்காயெண்ணெய். வீட்டில் இருக்கிற எண்ணெயில் முதல் கரண்டி அதற்குத்தான். அதெல்லாம் முடிந்த பிறகு தன் தலையைத் துவட்டிக்கொண்டார், அதுவும் அதே துணியால். நான் ஆறு மாத வயிற்றோடு, ஒழுகுகிற இடங்களில் வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து எடுத்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தேன். "பாத்து, டயர மிதிச்சிராத" என்றார். காலையில் போன மனுஷன் திரும்பி வந்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அந்தமானில், ஜங்லிகாட் என்கிற இடத்தில் சர்க்கார் கொடுத்த குவார்ட்டர்ஸ். ஒரே அறை, பின்னால் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு அடுப்படி. மரக்கட்டைகள் மேல் தூக்கிக் கட்டிய பலகை வீடு, மேலே தகரம். தகரம் என்றால் என்ன தகரம், ஜப்பான்காரன் இருந்த காலத்தில் போட்டது என்று சொல்வார்கள். மேற்குப் பாதி முழுக்கத் துருப்பிடித்து, நிமிர்ந்து பார்த்தால் பகலில் வானம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். கிழக்குப் பாதி மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. அந்தக் காய்ந்த பாதியில் சைக்கிள் நிற்கும். அதன் பக்கத்தில் மிச்சமிருந்த முழ அகலத்தில் அவர் ஒருக்களித்துப் படுப்பார். நான் ஈரப் பாதியில், பாத்திரங்களுக்கு நடுவில். இந்த ஊரில் மே மாதம் பிடிக்கிற மழை கிறிஸ்துமஸ் வரைக்கும் விடாது. வருஷத்தில் முக்கால்வாசி நான் சுருட்டின பாயோடு உட்கார்ந்தே தூங்கியிருக்கிறேன்.

அந்தச் சைக்கிள் என் அப்பா கொடுத்தது. பரமக்குடியில் கல்யாணம் பேசும்போது, மாப்பிள்ளைக்கு அந்தமானில் சர்க்கார் வேலை, சைக்கிள் ஒன்று மட்டும் போதும் என்றார்கள். ஒன்று மட்டும் போதுமாம்! மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த நாலு நாளும் நான் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தேன், அவர் சாக்குச் சுற்றிய சைக்கிளுக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஆபீஸுக்கும் கப்பல் ஜெட்டிக்கும் நடுவே தபால் கட்டு கொண்டுபோகிற வேலை, சொந்த சைக்கிள் இருக்கிறவனுக்குத்தான். சைக்கிள் போனால் அடுத்த கப்பலில் ரங்கத்துக்கு ஏற்றிவிடுவார்கள் என்று தினம் ஒரு தடவையாவது சொல்வார். ரங்கத் அப்போதுதான் காட்டை வெட்டிக் குடியேறிக்கொண்டிருந்த இடம். அட்டைக்கடியும் மலேரியாவும் என்று போய் வந்தவர்கள் சொல்வார்கள். ஜம்புலிங்கம் என்று பெயர், பெயரில்தான் கம்பீரம். பயந்த மனுஷன்.

போன வருஷம் ஜூலையில் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். ஐம்பத்திரண்டு நாள் இருந்தாள். அந்த ஈரப் பாதியில்தான் போட்டு வளர்த்தேன். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, போய்விட்டாள். அவளுக்குப் பெயர்கூட இன்னும் வைத்திருக்கவில்லை. எடுத்துக்கொண்டு போன அன்றைக்கும் கிழக்குப் பாதியில் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

அதனால் அன்றைக்கு, அவர் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தபோது, சொல்லிவிட்டேன்.

"இந்தப் புள்ளைக்குக் காஞ்ச இடம் வேணும். சைக்கிள் வெளிய போகணும்."

"வெளியன்னா எங்க? கடல்லயா?"

"எங்கிட்டாவது. அது போகலைன்னா நான் போறேன். அடுத்த கப்பல்ல."

மூன்றாம் நாள் தானாகவே இடம் பார்க்க ஆரம்பித்தார். முதலில் வீட்டுக்கு அடியில், கட்டைகளுக்கு நடுவே தள்ளிப் பார்த்தார். காலையில் சீட்டு மேல் ஏழு நத்தை. இங்கத்து நத்தை உள்ளங்கை அகலம் இருக்கும், மழைக்காலத்தில் சுவர், கதவு, துணி என்று எதையும் விடாது. செயினுக்குள் ஒரு பூரான் வேறு. பிறகு படிக்கட்டை ஒட்டி நிறுத்தி, ஜெட்டியில் கெஞ்சி வாங்கிய தார்ப்பாயைப் போட்டு மூடினார். மழை ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்துத் திறந்தால், ஹேண்டில்பாரில் வேர்வை வேர்வையாய்த் தண்ணீர், அதற்குக் கீழே மஞ்சள் மஞ்சளாய்த் துரு. என்னவோ நான்தான் தார்ப்பாய்க்குள் புகுந்து மூச்சு விட்டேன் என்பது போல என்னை முறைத்தார். சைக்கிள் மறுபடி உள்ளே வந்துவிட்டது.

அடுத்த வீட்டு செபஸ்தியான் அண்ணன்தான் அவருக்குப் புத்தி சொன்னது. தூத்துக்குடிக்காரர், ஃபீனிக்ஸ் பே துறையில் படகுக்குப் பலகை அடிக்கிறவர். உப்புக்காற்றில் எந்த ஆணி எத்தனை நாள் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

"மழையக் கண்டு பயப்படாதயும் வே, புழுக்கத்தைக் கண்டு பயப்படும். மூடி அடைச்சீர்னா உள்ளருந்தே தின்னுரும். மேல நல்லா மூடணும், தென்மேக்கு அடைக்கணும், மத்த பக்கம் காத்து வந்து போகணும். தரையத் தூக்கிப் பலகை போடும், நடுவுல விரக்கடை சந்து விட்டு, தண்ணி நிக்கக் கூடாது பாரும். கூரைக்குத் தகரம் போட்டுராதயும், ஓலைதான் நல்லது. ஓலை வேர்க்காது."

"திருட்டு?" என்றார் இவர்.

"தீவுல சைக்கிளத் திருடிட்டு எவன் எங்க ஓட்டிட்டுப் போவான்? இந்தக் கரையிலருந்து அந்தக் கரை வரைக்கும் ஓட்டி, திரும்ப உம்ம வாசலுக்குத்தான் வரணும்." அண்ணன் சிரித்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஒரு படாக் மரக் கட்டையக் குழி தோண்டி நட்டுத் தாரேன். சங்கிலியக் கட்டையில சுத்திப் பூட்டும். கட்டையோட பேத்துட்டுப் போறவன் வந்தா சைக்கிள அவனுக்கே குடுத்துரும்."

எனக்கு அதைக் கேட்டதும் பளிச்சென்று புரிந்துவிட்டது. "இது நம்ம ஊருப் பத்திதானே" என்றேன். எங்கள் பக்கத்தில், வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு பக்கமாகச் சரித்து இறக்குகிற கூரைக்குப் பத்தி என்று பெயர். மாட்டுக்குப் பத்தி, வண்டிக்குப் பத்தி. ஓவர்சியர் கையெழுத்து இல்லாமல் சர்க்கார் குவார்ட்டர்ஸில் ஒரு கம்பு நடக்கூடாது. அதனால் நானே அவருக்கு வாசகம் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். "வீட்டோட சேத்து ஒரு தனிப் பத்தி வேணும்னு கேளுங்க. தனின்னு சொல்லுங்க, இல்லேன்னா வீட்டையே பெருசாக்கப் பாக்குறோம்னு நினைச்சுக்குவாக." என் வாயால் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவருக்கு இந்தி அரைகுறை, ஓவர்சியருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. இவர் போய் "கர் கே லியே தனி பத்தி சாஹியே சாப்" என்றிருக்கிறார், வீட்டுக்குத் தனிப் பத்தி வேண்டும் என்று. ஓவர்சியர் உடனே தலையாட்டி, ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். இவரும் போட்டுவிட்டு, நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து, "பாத்தியா, ஒரே வார்த்தையில காரியம் முடிஞ்சது" என்று பெருமை வேறு.

ஒரு மாதம் கழித்து மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறைய ஓலை, நாற்பது கட்டு. வண்டிக்காரன், "தனி பத்தி, சாலீஸ் பண்டல்" என்று சொல்லி வாசலில் தள்ள ஆரம்பித்தான்.

"பத்தி எங்கய்யா? இது ஓலையில்ல?" என்றார் இவர்.

"யஹீ தோ ஹை தனி பத்தி!" இதுதான் தனி பத்தி என்று அடித்துச் சொன்னான் வண்டிக்காரன்.

சத்தம் கேட்டு வந்த செபஸ்தியான் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கின பிறகு சொன்னார்: "தனின்னா இங்க அந்த ஓடைச் சேத்துல நிக்குமே, அந்தப் பனைக்குப் பேரு வே. பத்தின்னா இந்திக்காரனுக்கு இலை. நீர் கொட்டாய் கேட்டீரு, அவன் கூரைக்கு ஓலை குடுத்துட்டான்." வந்து மூன்று வருஷம் ஆகிறது, அதைக் காட்டு ஓலை, காட்டு ஓலை என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் வரிசையில் எல்லாம் தகரக் கூரை, அதை விலைபேசி வாங்கின ஆளும் கிடையாது. எனக்கும் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

பிறகு இவர் அந்தக் காகிதத்தின் நகலை எடுத்து, இங்கிலீஷில் எழுதியிருந்ததை முதல் தடவையாக முழுசாகப் படித்தார். நாற்பது கட்டு, வீட்டுக் கூரை பழுதுபார்ப்பதற்காக, பெற்றுக்கொண்டேன், இப்படிக்கு ஜம்புலிங்கம்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணே, இத நம்ம தகரத்துக்கு மேல போட முடியுமா?" என்று கேட்டேன்.

"ஏன் முடியாது தங்கச்சி? மேல சட்டம் அடிச்சு வேஞ்சிரலாம். நாப்பது கட்டு அந்த ஒழுகுற பாதிக்குச் சரியா இருக்கும்."

"அப்ப வேஞ்சிருவோம்."

அண்ணன் போன பிறகு இவர் ஓலைக் கட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அடுப்படி வாசலில் வந்து நின்று, என்றைக்கும் இல்லாத நைச்சியமாகப் பேசினார். "கூரைக்குப் போட்டா சைக்கிள் உள்ளயேதான் நிக்கும். இடம் அதே இடந்தான். பத்தி போட்டு அத வெளிய விட்டா, காஞ்ச பாதி முழுசா உனக்கும் புள்ளைக்கும். நல்லா யோசிச்சுப் பாரு. நீ கேட்டதும் அதான?"

கேட்டது அதுதான். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. சரி என்றேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

பத்தியை அண்ணன் இழைத்து இழைத்துக் கட்டினார். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். வீட்டின் கிழக்குச் சுவரில் சாத்தி, மழை அடிக்கிற பக்கத்தைப் பலகை வைத்து அடைத்து, மற்றதைத் திறந்து விட்டார். கூரையைச் சுவரைத் தாண்டி இரண்டு முழம் நீட்டி இறக்கினார், நாற்பது கட்டும் அதற்கே தீர்ந்தது. தரை முழங்கால் உயரம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் போகிற சந்து. நத்தை ஏறாமல் இருக்கக் கால்களில் தார் பூசினார். நடுவில் படாக் கட்டை, அதில் சங்கிலி, சங்கிலியில் பெரிய பூட்டு. அவருடைய பெண்சாதி சிசிலியா அக்கா வந்து பார்த்துவிட்டு, "எம் வீட்டுக்காரரு எனக்கு இப்படி ஒரு வீடு கட்டித் தரல தங்கச்சி" என்றாள். ஓவர்சியர்கூட ஒரு நாள் வேலியோரம் போகும்போது எட்டிப் பார்த்தாராம், ஓலை தெரிந்ததும் வீட்டுக் கூரைதான் என்று நினைத்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

ஆகஸ்டில் பையன் பிறந்தான். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. நான் கிழக்குப் பாதியில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். காய்ந்த பாய், காய்ந்த துணி, காய்ந்த பிள்ளை. மகராஜனாக இருக்கட்டும் என்று அந்தச் சைக்கிளைக்கூட வாழ்த்தினேன். இவர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பத்தியில் போய்ச் சங்கிலியை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார். பிள்ளையை எட்டிப் பார்ப்பது அதற்குப் பிறகு. போகட்டும் என்று விட்டுவிட்டேன். முப்பத்தேழு நாள் அப்படி இருந்தேன். எண்ணிவைத்திருக்கிறேன்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் வெளியிலிருந்து ஒரு அலறல். பூரான்தான் கடித்துவிட்டது என்று பதறி எழுந்தேன். இவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பெல்லு! பெல்லக் காணோம்!" சங்கிலி இருந்தது, பூட்டு இருந்தது, சைக்கிள் இருந்தது. பெல் மட்டும் இல்லை.

"இன்னைக்கு பெல்லு, நாளைக்கு சீட்டு, நாளன்னைக்கு சக்கரம். எவனோ நோட்டம் பாத்துட்டுப் போயிருக்கான்." ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் கிழக்குப் பாதியில் கிடந்த பிள்ளையின் துணியையும் பாயையும் ஓரமாகத் தள்ளினார். சாயங்காலம் வந்ததும் சைக்கிளை உள்ளே கொண்டுவந்து, அதே பழைய இடத்தில் நிறுத்தினார்.

"ஒரு வாரந்தான். ஆளு யாருன்னு தெரிஞ்சிரட்டும்" என்றார்.

"புள்ளைய எங்க போட?"

"அங்கிட்டுக் கொஞ்சம் காஞ்சுதானே கிடக்கு."

அன்றைக்கு மட்டும் கொஞ்சம் காய்ந்திருந்தது. மறுநாளிலிருந்து பாத்திரங்கள் மறுபடி வந்தன. ஒரு வாரம் இரண்டு வாரம் ஆனது. பையன் மூக்கால் இழுக்க ஆரம்பித்தான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போன வருஷம் கேட்ட சத்தம்.

பிள்ளையைச் சிசிலியா அக்காவிடம் விட்டுவிட்டு நானே ஓவர்சியர் ஆபீஸுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இந்தியில், கூரை ஒழுகுகிறது, குழந்தைக்குச் சளி, ஓலை வேண்டும் என்றேன். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். ஃபைலை எடுத்து, அந்தக் காகிதத்தைத் தேடிப் பிடித்து, என் பக்கம் திருப்பினார். "தனி பத்தி தோ மில் கயா. தேக்கோ, சைன் ஹை." ஓலைதான் கிடைத்துவிட்டதே, கையெழுத்து இருக்கிறது பார் என்றார். இவருடைய கையெழுத்து, கடைசியில் சுழித்து, கீழே இரண்டு புள்ளியோடு.

"சத் பர் நஹீ லகாயா? தோ கஹாங் கயா?" என்று கேட்டார். கூரையில் போடவில்லையா, அப்படியானால் எங்கே போயிற்று?

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். சொன்னால் சர்க்கார் ஓலையை வேறு எதற்கோ போட்டது, அனுமதி இல்லாமல் கொட்டகை கட்டியது, பொய்க் கையெழுத்து என்று மூன்று குற்றம். ரங்கத்துக்குக் கப்பல் ஏறுவதற்கு அதில் ஒன்று போதும். கைப்பிள்ளையோடு நானும்தான் ஏறவேண்டும். ஓவர்சியர் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லகாயா சாப்" என்றேன். "லகாயா. அச்சா ஹை." போட்டோம், நன்றாக இருக்கிறது என்று.

"பிர்?" அப்புறம் என்ன என்றார்.

"குச் நஹீ சாப்." ஒன்றுமில்லை என்று எழுந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் மழை. அழுகை வரவில்லை. என் வாயால்தான் பத்தி கேட்டேன், என் வாயால்தான் கூரை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டும் வருகிறேன், இனி யாரிடம் போய் எதைக் கேட்பது என்று எரிச்சலாக வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் சைக்கிளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். நான் பாயை எடுத்தேன், பிள்ளையின் துணிமூட்டையை எடுத்தேன், தூளி கட்ட ஒரு பழைய புடவையை எடுத்தேன், மூலையில் மடித்துக் கிடந்த தார்ப்பாயையும் எடுத்தேன்.

"எங்க?"

"பத்திக்கு."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா? பாக்குறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். புள்ளைக்கு நெஞ்சு கட்டினா அவங்களா வந்து தைலம் தேய்க்கப் போறாங்க? போன தடவ யாரு வந்தாக?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். ஏதாவது சொல்வார் என்று வாசலிலேயே நின்றேன். சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளில் கிடந்த பிள்ளையையும் பார்த்தார். ஒரு நிமிஷம், சத்தியமாக, அவர் கை ஹேண்டில்பார் பக்கம் போனது. அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். ஹேண்டிலில் பெல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"சங்கிலி அங்க கிடக்கு பாரு" என்றார். "நனையாம பாத்துக்க."

பத்தியில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. ஓலைமேல் மழை விழுகிற சத்தமே வேறு, தகரத்தில் விழுகிற மாதிரி காதைப் பிய்க்கவில்லை. தார்ப்பாயைத் திறந்த பக்கத்தில் பாதிக்குக் கட்டித் தொங்கவிட்டேன். படாக் கட்டைக்கும் மேல் சட்டத்துக்குமாகக் கயிற்றைப் போட்டுத் தூளி கட்டினேன். சங்கிலியைச் சுருட்டிக் கட்டையின் தலையில் மாட்டினேன். காற்று வந்தது, சாரல் வரவில்லை. அண்ணன் சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பையன் மூக்கை இழுப்பது கொஞ்ச நேரத்தில் குறைந்தது.

பாயை விரிக்கக் குனிந்தபோது பலகைச் சந்து வழியாகக் கீழே ஏதோ மினுங்கியது. வெளியே இறங்கி, முட்டி போட்டு, அடியில் கையை விட்டுத் துழாவினேன். சேற்றுக்குள் பாதி புதைந்து, மேலே ஒரு நத்தை உட்கார்ந்து, பெல். பெல்லைக் கம்பியோடு பிடித்திருக்கிற கவ்வி துருப்பிடித்து முறிந்திருந்தது. யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. தானாக முறிந்து, தானாக விழுந்து, அண்ணன் காற்றுக்காகத் திறந்து விட்ட பக்கமாக உருண்டு அடியில் போயிருக்கிறது. எத்தனை தேங்காயெண்ணெய் போட்டாரோ, அந்தக் கவ்விக்குள் மட்டும் துணி போகவில்லை.

மழைத் தண்ணீரில் காட்டிக் கழுவினேன். முந்தானையால் துடைத்தேன். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். திருடன் இல்லை என்று ஆகிவிடும். சைக்கிள் வெளியே வந்துவிடும், நான் உள்ளே போய்விடலாம். அடுத்து ஒரு நட்டு கழன்று விழுகிற வரைக்கும். பெல்லைக் கையில் வைத்துக்கொண்டு தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையன் முழித்துக்கொண்டு ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா, அவனுக்குக் காட்டுகிற மாதிரி, கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினேன். கிணிங் என்றது. இன்னும் நல்ல சத்தம்.

சுவருக்கு அந்தப் பக்கம் தடாலென்று எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

"யாரு? யார்ரா அது? யாரு அங்க?"

சுவர் வெறும் பலகைதான், அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். காலடி கதவு வரைக்கும் வந்தது. கதவைத் திறப்பார் என்று பார்த்தேன். உள்தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு சைக்கிளை இன்னும் கொஞ்சம் உள்ளே, சுவரோடு சுவராக நகர்த்தினார். பையன் சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்பினான். நான் பெல்லை அவன் முகத்துக்கு நேரே பிடித்து இன்னொரு தடவை தட்டினேன்.